குழிக்குப் பன்னிரண்டு போட்டால் என்ன கிடைக்கும்?

வாசகர் கேள்வி, கணக்கு டீச்சர் பதில்

பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி, தட்டாங்கல் போன்ற விளையாட்டுகளை வைத்துப் பிள்ளைகளைக் கணக்கில் சொந்தமாக யோசிக்க வைப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரி கேட்டவர்களுக்குச் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

டீச்சர், என் மகள் மூணாம் வகுப்பு. பல்லாங்குழி ஆடினால் கணக்கு நன்றாக வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் டவுனுக்குப் போனபோது ஒரு பலகை வாங்கி வந்தேன். பிள்ளை ஆசையாகத்தான் ஆடுகிறாள். ஆனால் முத்தை அள்ளுகிறாள், போடுகிறாள், அவ்வளவுதான். இதில் கணக்கு எங்கே இருக்கிறது? – ஓர் அம்மா, வள்ளியூர்

உங்கள் சந்தேகம் நியாயமானது. பலகை வீட்டுக்கு வந்ததால் மட்டும் கணக்கு வந்துவிடாது. முத்தை ஒவ்வொன்றாகப் போடும்போது எண்ணிக்கை பழகும், கை பழகும். மூணாம் வகுப்புப் பிள்ளைக்கு அதுவே லாபம்தான். ஆனால் யோசிக்க வைப்பது தனி வேலை. அதற்கு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டால் போதும். குழியில் கையை வைக்கும் முன்னாலேயே, "இதை எடுத்தால் எங்கே போய் நிற்கும், சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள்.

இன்று சாயங்காலமே இதைச் செய்து பாருங்கள். 14 குழியிலும் ஐந்தைந்து புளியமுத்து போடுங்கள். மொத்தம் 70. விதி, நம் பக்கம் பழகியதுதான். ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கடைசி முத்து விழுந்த குழிக்கு அடுத்த குழியை அள்ளித் தொடர்ந்து போட வேண்டும். அந்த அடுத்த குழி வெறுங்குழியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விட்டுவிட வேண்டும். இப்போது மகளிடம் கேளுங்கள்: "எந்தக் குழியில் ஆரம்பித்தால் நிறைய முத்து கிடைக்கும்?"

அவள் ஒரு குழியைக் காட்டுவாள். ஆடட்டும். முதல் கை ஐந்து குழிக்குப் போகும். ஏழாவது குழியை அள்ளுவாள், அப்புறம் பதிமூன்றாவதை. அது சுற்றி வந்து அவள் ஆரம்பித்த குழியிலும் ஒன்று விழும். இப்படிப் போய், ஐந்து முறை அள்ளியபின் ஒரு வெறுங்குழி வந்து நிற்கும். தடவிவிட்டு அடுத்ததை எடுத்தால் 7 முத்து இருக்கும். திரும்பவும் ஐந்தைந்து நிரப்பி வேறு குழியில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அப்போதும் 7. ஓரக் குழியில் ஆரம்பித்தாலும் 7, நடுக்குழியில் ஆரம்பித்தாலும் 7. நாலு சேர்ந்தால் "பசு" என்று எடுத்துக்கொள்ளும் விதி உங்கள் வீட்டில் உண்டென்றாலும் இந்த முதல் ஆட்டம் மாறாது, ஏனென்றால் வழியில் எந்தக் குழியிலும் நாலு சேரவே சேராது.

இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ பிள்ளை நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பாள். அப்போது காரணத்தைச் சொல்லிவிடாதீர்கள். "ஏன் அப்படி?" என்று கேட்டுவிட்டு அடுக்களை வேலையைப் பார்க்கப் போய்விடுங்கள். எல்லாக் குழியிலும் ஒரே அளவு இருக்கிறது, குழிகள் வட்டமாகச் சுற்றி வருகின்றன, ஆகவே எந்தக் குழியும் முதல் குழிதான் என்பதை அவளே ஒருநாள் சொல்வாள். பெரிய வகுப்பில் இதற்குச் சமச்சீர் என்று பெயர் வைத்துப் பாடம் நடத்துவார்கள். எட்டு வயதில் முத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்டுபிடித்தவளுக்கு அந்தப் பாடம் பழக்கப்பட்ட ஆள் மாதிரி இருக்கும்.

அடுத்து ஆறாறு போடச் சொல்லுங்கள். மொத்தம் 84. இப்போது ஆட்டம் சட்டென்று முடிந்துவிடும். இரண்டே கை அள்ளலில் பலகை சுற்றி வந்து, ஆரம்பித்த வெறுங்குழிக்கு முன்னால் நிற்கும். கிடைப்பது அதே 7. அதற்கப்புறம், முத்து இருந்தால், குழிக்குப் பன்னிரண்டு போடுங்கள். 168 முத்து வேண்டும். ஆடும் முன் கட்டாயம் ஊகிக்கச் சொல்லுங்கள். இத்தனை முத்து போட்டால் எவ்வளவோ கிடைக்கும் என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். கிடைப்பது 1.

ஏன் என்று பாருங்கள். முதல் கையில் 12 முத்து. அது ஒரு சுற்றுக்கு ஒரு குழி குறைவாகப் போய் நிற்கும். மிஞ்சிய அந்த ஒரு குழியை அள்ளினால் அதிலும் 12. ஆரம்பித்த வெறுங்குழியிலிருந்து வரிசையாகப் பன்னிரண்டு குழிக்கும் விழும். அடுத்த குழியில் இப்போது 13. அதை அள்ளினால் மற்ற 13 குழிக்கும் ஆளுக்கொன்றாகச் சரியாகப் போய்விடும். கை வந்து நிற்பது, இப்போதுதான் காலி செய்த அதே குழிக்கு முன்னால். தடவி அடுத்ததைப் பார்த்தால், போன சுற்றில் விழுந்த ஒற்றை முத்து. பலகையில் 168 இருந்தும் கையில் ஒன்று! பிள்ளைகள் இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரிப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சிரித்து முடித்ததும் அவர்களே கேட்பார்கள், "டீச்சர், பதிமூணு போட்டா?" அந்தக் கேள்வியைத்தான் நான் கணக்கு என்பேன். பதிலை இங்கே எழுதவில்லை. மகளோடு ஆடிப் பாருங்கள்.

அம்மா, என் பேரன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். ஆடுபுலி ஆட்டம் சொல்லிக் கொடுத்தேன். நன்றாகத்தான் ஆடினான். இப்போது "தாத்தா, நாலு புலி வைப்போம்" என்கிறான். நேற்று, புலி இரண்டு ஆட்டைச் சேர்த்துத் தாண்டலாமா என்று கேட்கிறான். பெரியவர்கள் வகுத்த ஆட்டத்தை இப்படி இஷ்டத்துக்கு மாற்ற விடலாமா? – ஒரு தாத்தா, பத்தமடை

ஐயா, தாராளமாக விடுங்கள். உங்கள் பேரன் கேட்டிருப்பது நல்ல கேள்வி.

இந்த ஆட்டங்களே ஊருக்கு ஊர் விதி மாறித்தான் வந்திருக்கின்றன. எத்தனை ஆட்டை வெட்டினால் புலிக்கு வெற்றி என்பதில்கூட பக்கத்து ஊர்க்காரரோடு நாம் ஒத்துப்போவதில்லை. யாரோ ஒரு காலத்தில் "இப்படி வைத்தால் என்ன?" என்று கேட்டதால்தான் இத்தனை வகை வந்தது. ஆனால் மாற்றுவதற்கு ஒரு கட்டுப்பாடு போடுங்கள். மாற்றுகிறவன் அது ஏன் சரிப்படும் என்று சொல்ல வேண்டும், ஆடிக் காட்ட வேண்டும், நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

மூணு புலிக்குப் பதினைந்து ஆடு என்பது நாம் ஆடும் கணக்கு. நாலு புலி வந்தால் ஆட்டுக்காரன் பாடு திண்டாட்டம். அப்படியானால் எத்தனை ஆடு கூட்டினால் ஆட்டம் நியாயமாக இருக்கும்? ஒரு ஆட்டம் அவன் புலி, நீங்கள் ஆடு. அடுத்த ஆட்டம் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் இரண்டு பக்கமும் ஆடி, யார் எத்தனை முறை ஜெயித்தார் என்று குறித்துக்கொண்டே போனால், அவன் கேட்ட கேள்விக்கு அவனே பதில் தேடுவான். நியாயம் என்பதை எண்ணால் அளந்து பார்க்கிற பழக்கம் ஆறாம் வகுப்பில் வருவது சாதாரணமல்ல.

இன்னொன்றும் அவனிடம் கேளுங்கள். நாம் வரைகிற கட்டத்தில் உச்சியில் ஒரு புள்ளி. நடுவே மூன்று வரிசை, வரிசைக்கு ஆறாக 18. அடியில் 4. ஆக 23 இடம். "இதில் எந்தெந்த இடத்தில் நிற்கும் ஆட்டைப் புலியால் ஒருநாளும் வெட்ட முடியாது?" புலி தாண்ட வேண்டுமானால் ஆட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேர்கோட்டில் இடம் வேண்டும். நடுவில் நிற்கிற ஆட்டுக்கு இரண்டு கோட்டில் ஆபத்து. ஓரத்து நடுவில் நிற்பதற்கு ஒரு கோட்டில்தான் ஆபத்து. மூலையில் நிற்பதற்கு? இப்படி ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் பார்த்தால் ஆறு மூலையும் உச்சியும் சேர்த்து ஏழு இடம் அகப்படும். அதைக் கண்டுபிடித்த பையன் முதல் ஆட்டை எங்கே வைப்பான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் அவன் கேட்ட "இரண்டு ஆட்டைச் சேர்த்துத் தாண்டும் புலி" விதியைக் கொண்டுவாருங்கள். அந்த ஏழு இடமும் அப்போதும் பத்திரம்தானா? இதையும் அவனே பார்க்கட்டும்.

டீச்சர், நான் எட்டாம் வகுப்பு. எங்கள் ஆச்சி நாலு புளியமுத்தை ஒரு பக்கம் தேய்த்து வைத்துத் தாயம் ஆடுவாள். ஆச்சிக்குச் சீக்கிரம் தாயம் விழுந்துவிடும். மாமா வீட்டில் பித்தளைத் தாயக்கட்டை. அங்கே தாயம் விழுவதற்குள் விடிந்துவிடும். ஆச்சி அது கைராசி என்கிறாள். உண்மையா? – ஒரு மாணவன், கல்லிடைக்குறிச்சி

தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ரொம்ப சந்தோஷம். இரண்டு வீட்டில் இரண்டு விதமாக விழுகிறது என்று நீ கவனித்தாயே, அதுதான் பெரிய விஷயம். கணக்கு போட்டுப் பார்த்துவிட்டு ஆச்சியிடம் போவோம்.

மாமா வீட்டுப் பித்தளைக் கட்டைக்கு நாலு முகம். ஒன்றில் ஒன்றுமில்லை, மற்ற மூன்றில் 1, 2, 3 புள்ளி. இரண்டு கட்டையையும் சேர்த்து உருட்டினால் நாலு தடவை நாலு, 16 விதமாக விழலாம். தாயம் என்பது 1. ஒரு கட்டையில் 1, இன்னொன்றில் வெறும் முகம். அது இந்தக் கட்டையில் 1 ஆக இருக்கலாம், அந்தக் கட்டையில் 1 ஆக இருக்கலாம். ஆக 16-இல் 2 வழி.

இப்போது ஆச்சியின் புளியமுத்து. நாலு முத்து. ஒவ்வொன்றும் வெள்ளையாகவோ கறுப்பாகவோ விழும். இரண்டை நாலு தடவை பெருக்கினால் இங்கும் 16 விதம். ஒரே ஒரு முத்து வெள்ளை காட்டினால் தாயம். அந்த ஒரு முத்து நாலில் எதுவாகவும் இருக்கலாம். ஆக 16-இல் 4 வழி. மாமா வீட்டைப் போல இரண்டு மடங்கு! ஆச்சியின் கைராசியில் ஒரு பகுதிக்குக் காரணம் இதுதான்.

ஆனால் இங்கே ஒரு சங்கதி இருக்கிறது, அதைத் தாண்டிப் போகக் கூடாது. இந்தக் கணக்கு, முத்து வெள்ளையாக விழுவதற்கும் கறுப்பாக விழுவதற்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டு போட்டது. ஆச்சி ஒரு பக்கத்தைத் தேய்த்துத் தட்டையாக்கியிருக்கிறாள். மறுபக்கம் உருண்டை. சமமாக விழும் என்று யார் சொன்னது? ஒரே ஒரு முத்தை எடுத்து 100 தடவை போட்டு, வெள்ளை எத்தனை, கறுப்பு எத்தனை என்று கோடு போட்டுக் குறி. நாலு முத்துக்கும் தனித்தனியாகச் செய். ஒவ்வொரு முத்தும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டால் ஆச்சரியப்படாதே. எந்த முத்து எப்படி விழும் என்று ஆச்சிக்கு விரலிலேயே தெரிந்திருக்கவும் கூடும். அவளிடமே கேள், எப்படித் தேய்க்கிறாள், எந்த முத்தைத் தேர்ந்தெடுக்கிறாள் என்று. கேட்டதையும் நோட்டில் எழுது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். பித்தளைக் கட்டையில் 16 வழியையும் கட்டம் போட்டு எழுதிப் பார். 3 விழுவதற்கு நாலு வழி உண்டு. 2-க்கும் 4-க்கும் மூன்று மூன்று. 1-க்கும் 5-க்கும் இரண்டிரண்டு. 6-க்கு ஒன்று. இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு ஒன்று. அப்படியென்றால் உன் காய், எதிராளி காய்க்கு மூன்று கட்டம் முன்னால் நிற்பது ஆபத்தா, ஆறு கட்டம் முன்னால் நிற்பதா? ஒரு உருட்டை மட்டும் வைத்துச் சொன்னால் பதில் சுலபம். ஆனால் 1, 5, 6, 12 விழுந்தால் மறு உருட்டு உண்டே. ஒன்று விழுந்து அடுத்து ஐந்து விழுந்தாலும் ஆறுதானே? கணக்கு இன்னும் நீளும். உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. எந்த வழியில் யோசித்தாய் என்பதையும் சேர்த்து எழுது, விடையைவிட எனக்கு அதுதான் வேண்டும்.

ஆச்சியிடம் கைராசி இல்லை என்று சண்டைக்குப் போய்விடாதே. 16 வழியையும் முத்தை வைத்துக் காட்டு, அவள் ரசித்துக் கேட்பாள்.

நான் பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். மகன் ஐந்தாம் வகுப்பு. அபாகஸ் வகுப்புக்கு அனுப்புகிறோம். அதோடு இந்த விளையாட்டுகளும் ஆடினால் மார்க் கூடுமா? எத்தனை மாதத்தில் தெரியும்? – ஒரு தந்தை

மார்க் கூடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், சார். அதற்காகத்தான் ஆட வைக்கிறீர்கள் என்று பையனுக்குத் தெரிந்தால் ஆட்டமும் டியூஷன் ஆகிவிடும். அபாகஸில் கை வேகம் வரும், மனக்கணக்கு பழகும். அதற்கு அது சரி. இங்கே வருவது வேறு. புத்தகத்தில் இல்லாத கேள்வி முன்னால் வந்து நின்றால் பயப்படாமல் ஒரு வழியில் போய்ப் பார்ப்பது, அது முட்டிக்கொண்டால் திரும்பி வந்து இன்னொரு வழி தேடுவது. இதற்கு மாதக் கணக்கு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நீங்களே அவனோடு தரையில் உட்கார்ந்து தாயம் ஆடுங்கள். உருட்டும்போது அவன் முகத்தைப் பாருங்கள், ரிப்போர்ட் கார்டை அப்புறம் பார்க்கலாம்.

அக்கா, நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். வீட்டில் பீடி சுற்றுகிறேன். மகள் நாலாவது படிக்கிறாள். எனக்குக் கணக்கும் வராது, உட்கார்ந்து விளையாட நேரமும் கிடையாது. கை எப்போதும் இலையிலும் தூளிலும்தான். நான் என்ன செய்ய? – முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

தங்கச்சி, கணக்கு வராது என்று யார் உங்களுக்குச் சொன்னது? இத்தனை கட்டு சேர்ந்தால் ஆயிரம், ஆயிரத்துக்கு இவ்வளவு கூலி, தூள் பற்றவில்லை என்றால் எத்தனை குறையும் என்று வாய்க்குள்ளேயே போட்டுக்கொண்டிருக்கிறீர்களே, அது என்ன? மகள் முன்னால் இனிமேல் "எனக்குக் கணக்கு வராது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அம்மாவுக்கே வராதது எனக்கு எங்கே வரப்போகிறது என்று பிள்ளை நினைத்துவிடும்.

உங்களுக்குக் கைதான் ஓயாது, வாய் சும்மாதானே இருக்கிறது. "ஒற்றையா இரட்டையா" போதும். முத்தை மகள் வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் சொல்லுங்கள். முதலில் சாதாரணமாக, ஒரு கையில் கொஞ்சம் முத்து, ஒற்றையா இரட்டையா. இரண்டு நாள் போகட்டும். அப்புறம் 9 முத்தை இரண்டு கையிலும் பிரித்து மூடச் சொல்லுங்கள். "வலது கையைத் திற. ஒற்றையா? அப்போ இடது கையில் இரட்டை." எண்ணாமலே எப்படி அம்மா சொன்னாள் என்று திகைப்பாள். 10 முத்தாக மாற்றினால் வலது ஒற்றை என்றால் இடதும் ஒற்றை. ஏன் என்று அவளையே யோசிக்க விடுங்கள்.

அவளுக்குப் பெருக்கல் பழகியிருந்தால் இன்னொன்று உண்டு. எத்தனை முத்து என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். வலது கையில் உள்ளதை இரண்டால் பெருக்கி, இடது கையில் உள்ளதை மூன்றால் பெருக்கி, இரண்டையும் கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். அவள் சொன்ன எண் ஒற்றையென்றால் இடது கையில் ஒற்றை. இரட்டையென்றால் இடது கையில் இரட்டை. எப்போதும் சரியாக வரும். எதை இரண்டால் பெருக்கினாலும் இரட்டைதான் வரும், ஆகவே வலது கை கணக்கைக் கெடுக்காது. மீதி இடது கைதான் தீர்மானிக்கிறது. இந்த ரகசியத்தை நீங்கள் சொல்லாமல் நாலைந்து நாள் இழுத்தால் மகள் விடமாட்டாள், நச்சரிப்பாள். நச்சரிக்கட்டும். அவளே கண்டுபிடித்ததும் பள்ளிக்கூடத்தில் சேக்காளிகளிடம் செய்து காட்டுவாள். பெருக்கல் வாய்ப்பாட்டையும் யாரும் விரட்டாமலே பத்துத் தடவை போட்டிருப்பாள்.

டீச்சர், நாங்குநேரி பக்கம் ஒரு ஒன்றியப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். வகுப்பில் 30 பிள்ளைகளுக்கு மேல். பலகைக்குப் பணம் இல்லை, பாடத்தை முடிக்கவும் வேண்டும். விளையாட விட்டால் சத்தம் வேறு. படைப்புச் சிந்தனை என்று பயிற்சியில் சொல்கிறார்கள். வகுப்பில் அதை நான் எதில் பார்ப்பது? – ஓர் இளம் ஆசிரியை

சத்தத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன் மா. முத்தை எண்ணுகிற சத்தமும், "இல்லடி, அந்தக் குழில ஆறு இருந்துச்சு" என்கிற வாக்குவாதமும் பாடம் நடக்கிற சத்தம். தலைமையாசிரியரை ஒருநாள் வகுப்புக்கே கூப்பிட்டுக் காட்டுங்கள். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து செயல்பாடு வழியாகப் படிப்பது நம் பள்ளிகளுக்குப் புதிதல்ல. நீங்கள் அதைக் கொஞ்சம் மேலே கொண்டுபோகிறீர்கள், அவ்வளவுதான்.

பலகைக்குப் பணம் வேண்டாம். வராந்தாவில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள், இல்லாவிட்டால் வேப்பமரத்தடி மண்ணில் பிள்ளைகளே குழி தோண்டட்டும். சத்துணவுக் கூடத்தில் 30 முட்டை வைக்கும் அட்டை கிடைக்கும். அதை ஆறு ஆறாக இரண்டு வரிசை வெட்டினால் ஒரு அட்டையில் இரண்டு பலகை. 14 குழி வராது, 12 தான் வரும். வரட்டும். 12 குழியில் ஐந்தைந்து போட்டு ஆடினால் ஆட்டம் எப்படி மாறுகிறது என்பதே அன்றைய பாடம்.

எதில் பார்ப்பது என்று கேட்டீர்கள். பி.எட். படிக்கும்போது பால் டோரன்ஸ் என்ற அமெரிக்கர் 1966-இல் வெளியிட்ட படைப்புச் சிந்தனைத் தேர்வைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஒரு பிள்ளைக்கு எத்தனை யோசனை வருகிறது, அவை எத்தனை வகைப்பட்டவை, யாருக்கும் தோன்றாத ஒன்று அதில் உண்டா, தோன்றியதை எவ்வளவு விரித்துச் சொல்கிறது என்று பார்ப்பார். அந்த நாலு கண்ணையும் வைத்துக்கொண்டு தட்டாங்கல்லைப் பாருங்கள். அஞ்சு கல்லில் ஒன்றை மேலே எறிந்து மீதி நாலை அள்ள வேண்டும். முதலில் ஒவ்வொன்றாக, அப்புறம் இரண்டிரண்டாக, அப்புறம் மூன்றும் ஒன்றும், கடைசியில் நாலும் சேர்த்து. இப்போது பிள்ளைகளிடம் கேளுங்கள், "நாலைப் பிரிக்கிற வழி இவ்வளவுதானா? ஒன்று விட்டுப்போயிருக்கிறதே?" இரண்டு, ஒன்று, ஒன்று என்கிற பிரிவு ஆட்டத்தில் இல்லை. அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளை ஒரு புது ஆட்டமே உண்டாக்கும், அதற்குப் பெயரும் வைக்கும். ஏழாங்கல் என்றால் கீழே ஆறு கல். ஆறைப் பிரிக்க 11 வழி உண்டு. பதினொன்று என்று நீங்கள் சொல்லாதீர்கள். கரும்பலகையில் பிள்ளைகள் கண்டதைக் கண்டபடி எழுதிக்கொண்டே வாருங்கள். எல்லாம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்றைக்குப் பாடத்திட்டத்தை மூடி வைத்துவிடலாம்.

இன்னொன்று, இதை நாலாம், ஐந்தாம் வகுப்பில் செய்யலாம். 14 குழியில் ஐந்தைந்து போட்டு முதல் ஆட்டம் முடிந்த பலகையைக் கரும்பலகையில் எழுதுங்கள்: 2, 8, 8, 8, 0, 0, 1, 7, 7, 7, 7, 0, 1, 7. கையில் 7 முத்து. "எந்தக் குழியில் ஆரம்பித்திருப்பார்கள்?" முன்னால் போகிற ஆட்டத்தைப் பின்னால் ஓட்டிப் பார்க்க வேண்டும். சில பிள்ளைகள் கடைசியிலிருந்து ஒவ்வொரு முத்தாக எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். சிலர் ஒவ்வொரு குழியாக ஆரம்பித்துப் பார்ப்பார்கள். எங்கே ஆரம்பித்தாலும் படம் அதேதான், சுழன்று மட்டும் இருக்கும் என்று கண்டு, ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டுச் சொல்கிற பிள்ளையும் இருக்கும். மூன்று பேரையும் முன்னால் கூப்பிட்டு வழியைச் சொல்ல வைக்க வேண்டும். முதலில் விடை சொன்னவருக்குக் கைதட்டல் என்று வைத்தால் மூன்றாவது பிள்ளை வாயே திறக்காது.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் கறாராகப் பார்த்துக்கொள்ளுங்கள். குன்னிமுத்து, அதாவது சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி, அழகாக இருக்கிறது என்று பிள்ளைகள் வேலியிலிருந்து பறித்துக்கொண்டு வருவார்கள். பழைய காலத்தில் அதை வைத்து ஆடியதும் உண்டு. அது கடுமையான விஷம். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வகுப்புக்குள் அது வரவே கூடாது. சின்னப் பிள்ளைகள் எந்த விதையையும் வாயில், மூக்கில் போட்டுக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். புளியமுத்து போதும். மாசி, பங்குனியில் புளி உடைக்கிற வீடுகளில் கேளுங்கள், படிக் கணக்கில் அள்ளித் தருவார்கள். கழுவி வெயிலில் காயவைத்து டப்பாவில் போட்டுவிட்டால் வருஷம் முழுக்க ஆடலாம்.